நாலாம் நம்பர் யாருக்குத் தம்பி

ஆவாரங்குளத்துக்கு ஆறு ட்ரோன்கள் வந்து சேர்ந்தது ஆனி மாதம் இருபத்தேழாம் தேதி, ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாயன்று அந்த ஊரில் யாரும் புதிதாக எதையும் தொடங்குவதில்லை, நகம்கூட வெட்டிக்கொள்வதில்லை, ஆனால் வல்லூறு பார்சல் கம்பெனி சென்னையில் இருந்தது, சென்னையில் எல்லாக் கிழமைக்கும் ஒரே வாடகைதான் என்பதால் கிழமை பார்க்கும் வழக்கம் அங்கே தேய்ந்துவிட்டது. மூடிக்கிடந்த தீப்பெட்டி ஆபீஸின் மொட்டை மாடியில் சுண்ணாம்பால் ஆறு வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஒரு ட்ரோனாக உட்காரவைத்து, ஒன்றுமுதல் ஆறுவரை நம்பர் எழுதி, நிலையப் பொறுப்பைச் செண்பகவடிவிடம் கொடுத்துவிட்டுக் கம்பெனிக்காரர்கள் சாயங்கால ரயிலுக்குப் புறப்பட்டுப் போனார்கள்.

செண்பகவடிவுக்கு வயது இருபத்தேழு. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, சென்னையில் ஒரே அறையில் ஐந்து பெண்களோடு நான்கு வருடம் தங்கி வேலை பார்த்து, சொந்த ஊரில் ஒரு வேலை கிடைத்தால் சாம்பார் சாதத்தைக்கூடக் குறை சொல்லாமல் சாப்பிடுவேன் என்று தன் அம்மா உலகம்மாளிடம் சத்தியம் செய்தவள். கம்பெனி அவளுக்குச் சொன்ன நிபந்தனை எளிது: நாற்பது நாள் சோதனை ஓட்டம், நாற்பதாம் நாள் காலையில் ஆய்வுக்கு ஆள் வரும்போது ஆறு ட்ரோனும் ஊருக்குள் பறந்து பொட்டலம் கொடுத்துத் திரும்ப வேண்டும், வந்தால் நிலையமும் வேலையும் நிரந்தரம், ஒன்று குறைந்தாலும் சுண்ணாம்பு வட்டத்தைக் கழுவிவிட்டுப் போய்விடுவார்கள்.

மறுநாள் புதன்கிழமை, கணக்கில் முதல் நாள், ஆறும் பறந்தன, ஆறும் திரும்பவில்லை. காற்று, காக்கை, மின்கம்பி என்று கம்பெனி பயந்த எதுவும் அவற்றைத் தொடவில்லை. ஒவ்வொன்றும் தனக்குச் சொல்லப்பட்ட வீட்டுக்கு மிகச் சரியாகப் போய், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே, ஆள் கைக்கு எட்டாத உயரத்தில் நின்று, விசிறிகளை நிறுத்திக்கொண்டது. விசிறி நின்றால் விழுவதுதான் பறக்கும் பொருள்களின் பொதுவான பழக்கம், இவை விழவில்லை. சத்தமில்லாமல், ஆடாமல் அசையாமல், பொட்டலத்தை வயிற்றில் கட்டியபடி, யாரோ ஏதோ சொல்லட்டும் என்பதுபோல அந்தரத்தில் நின்றன.

ஆவாரங்குளத்துக்காரர்கள் இதற்கு அதிகம் வியக்கவில்லை, அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வரும் நாள். குடங்களை நிரப்பி வைத்துவிட்டு வந்து அண்ணாந்து பார்த்தார்கள். மாங்காய் பறிக்கும் துரட்டியால் எட்டிப் பார்த்தார்கள், துரட்டி நீண்ட அளவுக்கு ட்ரோன் பின்னால் நகர்ந்தது. மின்வாரிய ஒயர்மேன் கோமதிநாயகம் தன் நீள ஏணியோடு வந்து ஏறினான், ஏணி உயர்ந்த அளவுக்கு அதுவும் உயர்ந்தது. செண்பகவடிவு கம்பெனிக்குப் போன் போட்டாள். செயலியை ஒருமுறை மூடித் திறக்கும்படி ஒரு குரல் மிக அன்பாகச் சொன்னது.

மூன்றாம் நாள் உச்சிவெயிலில் உலகம்மாள் வடகம் காயப்போட மாடிக்குப் போனாள். மிக்சி ஜாருக்கு ரப்பர் வளையம் கொண்டுவந்த நாலாம் நம்பர் அங்கே மூன்று நாளாக நின்றுகொண்டிருந்தது. உலகம்மாளுக்கு மூன்றும் பெண்கள். வெயிலில் ஒரு பிள்ளை நிற்பதைப் பார்த்தால் அது யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கும்முன் மோர் கலக்குகிறவள். "ஏய்யா மகனே, மூணு நாளா வெயில்லயே நிக்கியே, உள்ள வாய்யா" என்றாள், வடகத் துணியை உதறிக்கொண்டே, தான் யாரிடம் பேசுகிறோம் என்றுகூட யோசிக்காமல். நாலாம் நம்பர் மெல்லக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி, வடகத்தை மிதிக்காமல் அதைச் சுற்றி வந்து, அவள் காலடியில் இறங்கிப் பொட்டலத்தை வைத்தது.

அதற்கப்புறம் ஊர் விஷயத்தைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வெறுமனே "வாங்க" என்றால் ஒரு முழம் இறங்கி நின்றது. "சார்" என்றால் லேசாக ஆடியது, வரவில்லை. பாலிடெக்னிக் பையன் ஒருவன் "ப்ரோ" என்று கூப்பிட, ஐந்தாம் நம்பர் இரண்டு ஆள் உயரம் மேலே போய்விட்டது. "அண்ணே", "மாமா", "மருமகனே", "மச்சான்", "தம்பி" என்று முறை சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் உடனே வந்தது. முறை சொல்லாமல் ஒருவரை வீட்டுக்குள் கூப்பிடுவது மரியாதையில்லை என்பது ஆவாரங்குளத்துக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம். வந்தவருக்கும் அது தெரிந்திருந்ததில் அவர்களுக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் ஒரு முறை சொன்னால் சொன்னதுதான். தம்பி என்று இறங்கிய வீட்டில் மறுநாள் மாமா என்றால் அது நகராது. ஆகவே வீடுகளில் கூடிப் பேசி முடிவெடுத்த பிறகுதான் கூப்பிட்டார்கள், பெண் பிள்ளை உள்ள வீடுகளில் இன்னும் கூடுதலாகப் பேசினார்கள். மேலத்தெருவில் ஒருவர் ஆசைப்பட்டு மூன்றாம் நம்பரை "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டுவிட்டார். அன்றிலிருந்து அது அந்த வீட்டுக்கு வந்தால் இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் கிளம்புவதில்லை, பலகாரம் வைக்காத நாளில் பொட்டலத்தைப் பின்வாசலில் வைத்துவிட்டுப் போனது. கீழத்தெரு அரிசிக் கடைக்காரர் இரண்டாம் நம்பரை விளையாட்டாகச் "சம்பந்தி" என்று அழைத்தார். அது வந்தது, இறங்கியது, வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது, சுவரில் காரை பெயர்ந்த இடத்துக்கு நேராகக் கொஞ்ச நேரம் நின்றது. ஒரே வாரத்தில் சண்டை முற்றி, அரிசிக் கடைக்காரர் குளத்தில் மூன்று முழுக்குப் போட்டு, "உன்னைத் தலைமுழுகிட்டேன், போ" என்று ஊரறிய உறவை அறுத்துக்கொண்டார். அப்புறம் இரண்டாம் நம்பர் அவர் வீட்டுக்கு வரவில்லை, கடைக்கு வரவில்லை, அவர் வண்டி நிற்கும் தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை, சுற்றிக்கொண்டு போனது. பத்து நாள் கழித்து அவர் மனம் மாறி "அண்ணாச்சி, வாங்க" என்று தெருவில் நின்று கெஞ்சியும் பார்த்தார். தலைமுழுகப்பட்டவர் எப்படித் திரும்ப வருவார்?

செண்பகவடிவுக்கு வேறு தலைவலி. பறப்பதற்குப் பன்னிரண்டு நிமிடம், வீட்டில் உட்கார்வதற்கு நாற்பது நிமிடம் என்றால் இது எந்த வகைத் துரித சேவை? முப்பது நிமிடத்துக்குள் ஒரு பொட்டலம் என்பது கம்பெனியின் கணக்கு. அவள் ஒரு வாரம் யோசித்து, கம்பெனி கொடுத்த வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தெருக்களைத் தூரப்படி இல்லாமல் உறவுப்படி வரைந்தாள். எந்த வீட்டுக்கு எது மகனோ தம்பியோ அதை அந்த வீட்டுக்கு வேலை நெருக்கும் காலை நேரத்தில் அனுப்பினாள், பிள்ளைகள் வீட்டில் உட்காருவதில்லை, வைத்துவிட்டு ஓடிவிடும். மாமன் முறை வீடுகளுக்கு மத்தியானம். மாப்பிள்ளை முறை வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும். ஒரே வாரத்தில் சராசரி இருபத்திரண்டு நிமிடத்துக்கு இறங்கியது. பறக்கும் பொட்டலத்தைப் பற்றி உலகத்தில் எழுதப்பட்ட கட்டுரைகள் எதிலும் இந்த வழி சொல்லப்படவில்லை என்பதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவளே ஆறையும் தம்பி என்றுதான் கூப்பிட்டாள். நாலாம் நம்பர் அம்மாவுக்கு மகனாகிவிட்ட பிறகு வேறென்ன சொல்வது; ஒன்றைத் தம்பி என்றுவிட்டு மற்ற ஐந்தை நம்பர் சொல்லிக் கூப்பிடுவது நன்றாகவா இருக்கும்? "போய்ட்டு வா தம்பி, காத்து அடிக்கு, பாத்துப் போ" என்று ஒவ்வொன்றையும் அனுப்பினாள், "வந்துட்டியா தம்பி" என்று இறக்கினாள். கூடப்பிறந்தவன் இல்லாத குறை ஒரே மாதத்தில் ஆறு மடங்காகத் தீர்ந்தது.

இதற்கு நடுவில் அவளுக்கும் ஒயர்மேன் கோமதிநாயகத்துக்கும் ஒரு வருடமாக இருந்த பிரியம் ஊருக்குத் தெரிந்து, ஊர் வழியாக இரண்டு அம்மாக்களுக்கும் தெரிந்து, ஆவணி முதல் வெள்ளிக்கிழமை தாம்பூலம் மாற்றுவதென்று பேச்சாகியிருந்தது. அவர்கள் இருவரும் எச்சரிக்கையான காதலர்கள். எந்த முறை சொன்னாலும் எங்காவது போய் இடிக்கும் என்று பயந்து, ஒரு வருடமாக ஒருவரையொருவர் "இங்க பாருங்க" என்பதற்கு மேல் எதுவும் சொல்லி அழைத்ததில்லை.

ஆடிக் காற்று மலைக் கணவாய் வழியாக ஊருக்குள் இறங்கிய ஒரு பகல். கோமதிநாயகம் ரத வீதிக் கம்பத்தின் உச்சியில் இடுப்புப் பட்டையில் தொங்கியபடி வேலை பார்த்துக்கொண்டிருந்தான். நாலாம் நம்பர் ஒரு வீட்டுக்குச் சீரக டப்பாவைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. காற்று அதைப் பிடித்துத் தள்ளி, அடுத்த பாதையில் ஓடிய உயர் அழுத்தக் கம்பியை நோக்கிக் கொண்டுபோனது. கம்பத்தின் உச்சியில் இருக்கிற ஆவாரங்குளத்துக்காரன் ஒருவன் அந்த நொடியில் முறை யோசிப்பானா? "தம்பி! அங்கிட்டுப் போவாத, லைன் இருக்கு! எங்கிட்ட வா தம்பி!" என்று கத்தினான். காற்றை எதிர்த்து அது இரண்டு கை விரித்தால் வருகிற ஒரு பாகம் தூரம் அவன் பக்கம் வந்தது. அவன் பட்டையில் எவ்வளவு சாய முடியுமோ அவ்வளவு சாய்ந்து அதன் காலைப் பிடித்து, அக்குளில் இடுக்கிக்கொண்டு, காற்று அடங்குகிறவரை அரை மணி நேரம் அப்படியே நின்றான். கீழே ரத வீதியே கைதட்டியது. அன்று முதல் அவன் எந்தக் கம்பத்தில் ஏறினாலும் நாலாம் நம்பர் போகிற வழியில் ஒரு கணம் வந்து பக்கத்தில் நின்றுவிட்டுத்தான் போகும்.

தாம்பூலத்தன்று இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து, தட்டில் வெற்றிலையும் பழமும் வைத்து, தரகர் குத்தாலிங்கம் வழக்கத்துக்குக் கேட்பதுபோலக் கேட்டார். நாலு தெரு உறவையும் தலைக்குள் வைத்திருக்கிற மனிதர். குடையைச் சுவரில் சாய்த்தால் கேள்வி ஆரம்பிக்கிறது என்று அர்த்தம்.

"வே கோமதிநாயகம், அன்னைக்குக் கம்பத்துல வச்சு நாலாம் நம்பரை நீரு என்னன்னு கூப்பிட்டீரு?"

"தம்பின்னு."

"பொண்ணு அதை என்னன்னு கூப்பிடுதா?"

தீப்பெட்டி ஆபீஸ் மாடியிலிருந்து அவள் கூப்பிடுவது எல்லோருக்கும் தினமும் கேட்பதுதான்.

"அப்போ நீங்க ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சிலா" என்றார் குத்தாலிங்கம். அவருக்கே அதைச் சொல்லப் பிடிக்கவில்லை, கமிஷன் போய்விடும்.

மாப்பிள்ளையின் அம்மா செல்லத்தாய் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். உலகம்மாள் சொன்னாள்: "மதினி, பொறுங்க. கொழுந்தனைத் தம்பின்னு கூப்பிடுத வழக்கம் உண்டுல்லா? புருசனோட தம்பின்னு வச்சுக்கிட்டா என்ன?"

"அது கழுத்துல தாலி ஏறுனதுக்கு அப்புறம் கூப்பிடுதது, அம்மா. உங்க பொண்ணு ஆனி மாசமே கூப்பிட்டாச்சு. நீங்களும் மகனேன்னுட்டிய" என்றார் குத்தாலிங்கம்.

"வேற வழியா பாருமே" என்றான் கோமதிநாயகம்.

குத்தாலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "ரெண்டாம் நம்பர் வழியா பார்த்தா, செல்லத்தாய் அதை அண்ணன்னு கூப்பிட்டிருக்கா. பொண்ணு அதுக்கு அக்கா. அப்போ பொண்ணு உமக்குப் பெரியம்மா வே."

கோமதிநாயகம் செண்பகவடிவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"ஆறாம் நம்பர் வழியா பார்த்தா, உம்ம அக்கா மாப்பிள்ளை அதை மாமான்னுட்டாரு. உமக்கு அது அப்பா முறை. பொண்ணு அப்பாவோட அக்கா. அத்தை!"

"அத்தை மகளைக் கட்டலாம், அத்தையவே எப்படிக் கட்ட?" என்றாள் செல்லத்தாய். "கேட்டாலே சிரிப்பாங்க."

ஒன்று, மூன்று, ஐந்து ஆகிய நம்பர்களைக் கோமதிநாயகம் அதுவரை கூப்பிட்டதில்லை. உடனே தீப்பெட்டி ஆபீஸ் மாடிக்கு ஓடி, மூச்சிரைக்க மூன்றையும் "மச்சான்" என்று கூப்பிட்டான். மூன்றும் வந்தன. அக்காவைக் கட்டப்போகிறவன் தம்பியை மச்சான் என்பதில் குற்றமில்லை, மூன்று வழி திறந்துவிட்டது. நாலாம் நம்பரையும் "மச்சான்" என்றான். அது ஒரு ஆள் உயரம் மேலே போய் நின்றது, அவனைப் பார்த்தபடி, வருத்தப்படுகிற மாதிரி.

"மூணு இல்ல, நூறு வழி திறந்திருக்கட்டும்" என்றார் குத்தாலிங்கம், அவன் திரும்பி வந்து சொன்னதைக் கேட்டு. "உசுரைக் காப்பாத்துன அண்ணன், கூட நிக்கிற அக்கா. இது உறுதிப்பட்டுப் போச்சு. இதை வச்சுக்கிட்டு நான் தட்டு மாத்தச் சொல்லமாட்டேன்."

செல்லத்தாய் எழுந்தாள். சுரண்டையில் ஒரு பெண் இருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு வழி பிறக்காவிட்டால் திங்கட்கிழமை அங்கே போய்ப் பூ வைத்துவிடுவதாகவும் சொன்னாள். அவள் கொடுமைக்காரி அல்ல. முறை தப்பிய கல்யாணத்துக்குச் சம்மதித்தாள் என்று நாளைக்கு ஒருவர் சொன்னால் அவளால் குழாயடியில் நிற்க முடியாது.

வழி ஒன்றுதான் இருந்தது, அதுவும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டு பேரில் ஒருவர் நாலாம் நம்பரைத் தலைமுழுக வேண்டும். செண்பகவடிவு தலைமுழுகினால் அது அவளுடைய நிலையத்துக்குத் திரும்பாது. கோமதிநாயகம் தலைமுழுகினால் அது அவனுடைய கம்பங்களைத் தாண்டாது. ஊரில் எந்தத் தெருவில் அவன் ஏறாத கம்பம் இருக்கிறது? யார் முழுகினாலும் நாற்பதாம் நாள் ஐந்துதான் பறக்கும். ஐந்து பறந்தால் சுண்ணாம்பு வட்டத்தைக் கழுவிவிடுவார்கள், அவள் மறுபடியும் ஐந்து பெண்களோடு ஓர் அறைக்குப் போக வேண்டும், அல்லது கல்யாணம் கட்டிக்கொண்டு வேலையில்லாமல் அடுப்பங்கரைக்குப் போக வேண்டும். முழுகாவிட்டால் வேலை உண்டு, கோமதிநாயகம் சுரண்டைக்குப் போய்விடுவான். நாற்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமையாகவே வந்து தொலைத்தது.

சனிக்கிழமை முழுவதும் அவள் நாலாம் நம்பரின் விசிறிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினாள், மாட்டியதையே மறுபடி கழற்றினாள். "உன்னைக் காப்பாத்துனது அவரு. உன்னை அவருதான் வச்சுக்கணும். நான் போறேன் தம்பி" என்றாள் சாயங்காலம் பூட்டும்போது. அது சார்ஜில் கிடந்தது. பச்சை விளக்கு எரிந்தது.

ஞாயிறு விடிந்தபோது அவள் குளத்தின் பெண்கள் படித்துறையில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள். துவைக்க வந்தவர்களும் குளிக்க வந்தவர்களும் அவளைப் பார்த்துப் படியில் ஒதுங்கிக்கொண்டார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு முதல் முழுக்குப் போடப் போனவள், எதிர்க்கரையில் ஆண்கள் படித்துறையில் காக்கிச் சட்டையோடு ஒருவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள்.

"இங்க பாருங்க!" என்று கத்தினாள். "நீங்க ஏன் வந்திய? அது உங்க கிட்டயே இருக்கட்டும்!"

"உங்க அம்மாவுக்கு அது ஒத்த மகன்!" என்று கத்தினான் அவன். "எனக்கு வேற தம்பி கெடைப்பான்!"

"முழுகினீங்க, நான் சும்மா இருக்க மாட்டேன்!"

"நீ முழுகுனா நானும் முழுகுவேன்!"

ரெண்டு பேரும் முழுகினால் அந்தப் பிள்ளை அநாதையாகிவிடுமே என்று துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி சத்தம் போட்டாள். அதற்குள் செய்தி போய், உலகம்மாளும் செல்லத்தாயும் குத்தாலிங்கமும் ஊரில் பாதிப்பேரும் கரைக்கு ஓடி வந்துவிட்டார்கள். சென்னை ரயிலில் இறங்கிய ஆய்வு அதிகாரி அகல்யாவும், நிலையத்தில் ஆளில்லை என்று கேட்டு, தோள் பையும் கையில் படிவமுமாக வந்து நின்றாள். அந்தப் படிவத்தின் கடைசிக் கேள்வி: இந்த ஊரில் ட்ரோன் விநியோகம் நடைமுறைச் சாத்தியமா, ஆம் அல்லது இல்லை.

அப்போதுதான் தீப்பெட்டி ஆபீஸ் பக்கமிருந்து நாலாம் நம்பர் வந்தது. யாரும் அனுப்பவில்லை, வயிற்றில் பொட்டலம் இல்லை. இரண்டு படித்துறைக்கும் நடுவில், குளத்தின் சரி மையத்துக்கு வந்து, ஒரு கணம் நின்று, செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறங்கியது.

"ஐயோ, தண்ணி படக்கூடாது!" என்று அலறினாள் அகல்யா. "வாரண்டி கிடையாது!"

அது எழுந்தது. ஒன்று, என்றார்கள் கரையில். மறுபடி இறங்கி எழுந்தது. இரண்டு. மூன்றாம் முழுக்கில் நீண்ட நேரம் வரவில்லை. குமிழி மட்டும் வந்தது. உலகம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். பிறகு தாமரை இலை ஒன்று தலையில் ஒட்டியிருக்க, நான்கு பக்கமும் தண்ணீர் ஒழுக அது மேலே வந்து, விசிறிகளை நிறுத்திக்கொண்டு, சொட்டச் சொட்ட அந்தரத்தில் நின்றது.

தலைமுழுகிவிட்டது. யாரை?

குத்தாலிங்கம் குடையை நீட்டி, "நீரு முதல்ல கூப்பிடும் வே" என்றார்.

கோமதிநாயகம் "தம்பி" என்றான். கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை, அன்று கம்பத்தின் உச்சியில் கத்தியது போலவே, "எங்கிட்ட வா தம்பி!" என்றான். அது அசையவில்லை. ஓர் இலை கூட, ஒரு சொட்டு கூட அவன் பக்கம் திரும்பவில்லை. அவன் சிரிக்கத்தான் பார்த்தான், முகம் வேறு எதையோ செய்தது.

"தம்பி" என்றாள் செண்பகவடிவு. நாலாம் நம்பர் சட்டென்று திரும்பி நேராக அவளிடம் வந்து, அவள் தலைக்கு மேல் நின்று, அவள் மேலேயே குளத்தைச் சொட்டியது. அவள் அழுகிறாளா நனைகிறாளா என்பதை யாரும் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

கரை முழுவதும் ஒரே கூச்சல். "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று குடையால் படியைத் தட்டினார் குத்தாலிங்கம். "அண்ணன் போனது சரி. மச்சான் ஆகணும்லா? இப்போ அதுக்கு இவரு யாருமே இல்ல. இவரு கம்பத்தை அது தாண்டாது, ஊருக்குள்ள பறக்காது. தலைமுழுகப்பட்டவன் திரும்ப வரமாட்டான். ஆனா இங்க முழுகினது அது. வாரதும் வராததும் அதோட இஷ்டம். மச்சான்னு கூப்பிட்டுப் பாரும் வே."

"மச்சான்!" என்று அக்கரையிலிருந்து கூப்பிட்டான் கோமதிநாயகம்.

அது அவளைவிட்டு நகர்ந்து, குளத்தின் நடுவரைக்கும் வந்து, அங்கேயே நின்றுகொண்டது.

"வரமாட்டேங்குதே" என்றாள் செல்லத்தாய். அவள் குரலில் சுரண்டை இல்லை.

"பின்ன எப்படி வரும்?" என்று உலகம்மாள் எல்லோருக்கும் கேட்கக் கத்தினாள். "பொண்ணு எடுக்க வந்தவன் கரையில நின்னுக்கிட்டு மச்சினனை விரலை ஆட்டிக் கூப்பிடுவானா? போய்க் கூப்பிடச் சொல்லுங்க மதினி!"

கோமதிநாயகம் இருபதாயிரம் வோல்ட்டுக்கு அஞ்சாதவன், இடுப்புக்கு மேல் தண்ணீர் என்றால் அவனுக்கு உதறும், நீச்சல் தெரியாது. தெரியாதென்று எல்லோருக்கும் தெரியும். சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுத்து அம்மாவிடம் எறிந்துவிட்டு இறங்கினான். இடுப்பு வந்தது, மார்பு வந்தது, சேறு காலை இழுத்தது. செண்பகவடிவும் தன் பக்கமிருந்து தன்னையறியாமல் இரண்டு படி இறங்கினாள். குளத்தின் நடு ஆழத்தில், தண்ணீர் தாடைக்கு வந்த இடத்தில் அவன் நின்று, இரண்டு கைகளையும் மேலே தூக்கி, சம்பந்தம் பேசப்போகிறவன் சபையில் பேசுவது போலச் சொன்னான்:

"மச்சான், அன்னைக்கு உங்களைக் கையப் பிடிச்சு இழுத்தேன். இன்னைக்குக் கூப்பிடுதேன். எங்க வீட்டுக்கு வாங்க. எந்தத் தெருவுல பறந்தாலும் என் கம்பத்துல ஒரு நிமிசம் நின்னு போங்க. உங்க அக்காளை நான் நல்லா வச்சுக்கிடுவேன்."

நாலாம் நம்பர் யோசித்தது. பெண் வீட்டுக்காரன் யோசிக்க வேண்டிய அளவுக்கு, அதற்கு ஒரு நொடிகூடக் குறையாமல் யோசித்தது. பிறகு அவன் நீட்டிய கைகளுக்கு மேலாக வந்து, கைகளில் இறங்காமல், சாவகாசமாக அவன் தலையில் உட்கார்ந்தது.

"ஏல, கல்யாணத்துக்கு முன்னாடியே மச்சினன் தலையில ஏறிட்டாரு!" என்று யாரோ கத்த, குளக்கரை வெடித்துச் சிரித்தது, குலவையிட்டது, செல்லத்தாயே குலவையிட்டாள்.

"இது பறக்குமா இனிமே?" என்று, படியிறங்கித் தண்ணீருக்குள் வந்து, செண்பகவடிவின் காதருகே கேட்டாள் அகல்யா. "ஏழரைக்கு ஆறும் கிளம்பணும்."

"அவர் கரையேறட்டும் மேடம், கிளம்பிரும்."

"எந்த வழியா?"

"எல்லாத் தெரு வழியாவும்."

அகல்யா படிவத்தைப் பார்த்தாள், ஈரம் பட்டு "இல்லை" என்று அச்சடித்திருந்த இடம் கரைந்துபோயிருந்தது. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை, பேனாவை எடுத்துவிட்டாள். கோமதிநாயகம் தலையில் பாரத்தோடு, மச்சான் சாய்ந்துவிடக்கூடாதே என்று கழுத்தை ஆட்டாமல், சேற்றில் ஒவ்வொரு அடியாக வைத்து நடந்துவந்தான், தான் இறங்கிய கரைக்கு அல்ல, செண்பகவடிவு நின்ற கரைக்கு. பெண்கள் படித்துறைக்கு ஆண் வரக்கூடாது என்று ஒருத்தி வாயெடுத்தாள். பக்கத்தில் நின்றவள் அவள் வாயைப் பொத்தி, "சும்மா இரு, தலையில பொண்ணோட தம்பி உக்காந்து கூட்டிட்டு வாரான்" என்றாள்.